கருப்பட்டிக்கு எதற்கு ஏசி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடையில் காரைக் குளுமையாக வைத்துக்கொள்வது எப்படி என்று சென்ற வாரம் உங்கள் நாளிதழின் இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நிழலில் நிறுத்துங்கள், முன்கண்ணாடிக்கு வெயில் மறைப்பு வையுங்கள், கிளம்பும் முன் கதவுகளைத் திறந்துவிடுங்கள் என்று சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் அந்தக் கட்டுரை முழுக்க டிக்கி தனியாகப் பிரிந்திருக்கிற சின்னக் காரை மனதில் வைத்து எழுதியது. முன்கண்ணாடியிலிருந்து பின்கதவு வரை ஒரே கூடாக இருக்கிற ஜீப்புக்குப் பிரச்சினையே வேறு. அதில் விடுபட்ட ஒரு விஷயத்தை எழுதலாம் என்று தோன்றியது. இரண்டாம் வரிசை இருக்கைக்குப் பின்னால், சாமான் வைக்கும் இடத்தை மறித்து ஒரு தடுப்பு போடுவதைத்தான் சொல்கிறேன்.

எனக்குத் தொழில் கருப்பட்டி. உடன்குடி, பரமன்குறிச்சி, காயாமொழி வட்டாரத்தில் பனையேறிகளிடம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறேன். 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கருப்பட்டி காய்ச்சுகிற விடிலி என்னும் குடிசைகளில் பல, தார்ச்சாலையிலிருந்து வெகுதூரம் விலகி, தேரி என்று நாங்கள் சொல்கிற செம்மணல் மேடுகளின் ஓரத்து மணலுக்குள் இருக்கின்றன. பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். விடிலிக்குப் போகிற பாதை இன்னும் மணல்தான். அதனால்தான் என் வண்டி நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய பொலேரோ. டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, வேகம் குறைந்து இழுவை கூடுகிற ஃபோர்-லோ கியரில் போட்டு, எஞ்சின் உறுமலோடு நடை வேகத்தில் போக வேண்டிய இடங்கள் அவை.

தேரிக்குள் ஏசி ஏன் திணறுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏசி தன் சூட்டை வெளியே தள்ளுவது கண்டென்சர் வழியாக. அது ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லுக்கு நேர் பின்னால் இருக்கிறது. நாற்கரச் சாலையில் எண்பதில் போகும்போது காற்று தானாக அடித்து அதைக் குளிர்விக்கும். மணலில் வண்டி ஊர்ந்து போகும்போது அந்தக் காற்று கிடையாது, ஃபேன் மட்டும்தான். எஞ்சினோ அதிகச் சுற்றில் கொதிக்கிறது. ஆக, வெக்கை உச்சத்தில் இருக்கும்போதுதான் ஏசியின் பலம் குறைவாக இருக்கும். சரி, கண்ணாடியை இறக்கிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. பங்குனியிலிருந்து ஆடி வரை எங்கள் தொழில் காலம். அதில் பிற்பாதி முழுக்க மேற்குக் காற்று. தேரி மணலையே இடம் மாற்றிப் போடுகிற காற்று அது. இரண்டு நிமிடம் கண்ணாடி திறந்திருந்தால் பல்லுக்கிடையில் மண் நறநறக்கும்.

எங்கள் வண்டியில் ஏசி டேஷ்போர்டில் மட்டும்தான். பின்னால் இருப்பவர்களுக்கென்று தனித் துவாரம் எதுவும் இல்லை. பின்பக்கமோ நீளமான கூடு. இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி, கதவில் ஒரு கண்ணாடி, மேலே இரும்புக் கூரை. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1000 வாட் வெப்பம் விழுகிறது. அதில் பெரும்பகுதி கண்ணாடி வழியே உள்ளே போய், தரையிலும் சாமான்களிலும் இறங்கி, சூடாகத் திரும்பி எழுகிறது. அந்தச் சூடு கண்ணாடி வழியே வந்த மாதிரியே வெளியே போக முடியாது. முன்னால் ஏசி தள்ளுகிற குளிர்காற்று பின்னால் போய், அந்தக் கொதிகாற்றோடு கலந்து, திரும்ப டேஷ்போர்டுக்கே வருகிறது. கல்யாண மண்டபத்துக்கு ஒரு டேபிள் ஃபேன் வைத்த கதைதான்.

ஏசி மெக்கானிக்கிடம் காட்டினேன். நேர்மையான மனிதர். கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் சரியா இருக்கு அண்ணாச்சி, கம்ப்ரஸரும் நல்லா இருக்கு. வண்டிதான் பெரிசு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். (வேறொரு இடத்தில் கேஸ் மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். அதைப் பேசினால் கடிதம் நீளும்.) விடைக்கு வழி காட்டியது என் வீட்டுக்காரிதான். அவள்தான் விடிலிகளில் எடை பார்ப்பாள், கணக்கு எழுதுவாள். ஒரு நாள் மத்தியானம் முந்தானையால் விசிறிக்கொண்டே பின்னால் இருந்த ஓலைப்பெட்டிகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நீங்க எனக்கு ஏசி போடுதீங்களா, கருப்பட்டிக்குப் போடுதீங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நாங்கள் இருவர் உட்காரும் இடத்தைக் குளிர்விக்க வேண்டிய காற்று, சரக்கு இருக்கும் இடத்தைக் குளிர்விக்கப் போய்க்கொண்டிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கருப்பட்டிக்கு வெக்கை அத்தனை பெரிய பகை இல்லை. பகை ஈரம்தான். அந்தக் காலத்தில் அடுப்படிக்கு மேல் பரணில், புகையும் சூடும் படுகிற மாதிரிதான் கருப்பட்டியை வைப்பார்கள். நேர் வெயில் பட்டால் இளகும், அதற்கு மேலே ஒரு பாய் மூடினால் போதும். ஆனால் ஏசியில் குளிர்ந்துபோன கருப்பட்டியைக் கடற்கரைக் காற்றில் இறக்கினால் என்ன ஆகும்? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சோடா பாட்டில் போல மேலெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும். அப்புறம் பிசுபிசுப்பு, சில நாளில் பூசணம். ஆக தடுப்பு போட்டதில் எனக்கு மட்டுமல்ல, சரக்குக்கும் நல்லதாகப் போயிற்று.

இனி தடுப்பு எப்படி என்று சொல்கிறேன். என்னுடையது கார் சீட் கவர் தைக்கிற கடையில் செய்தது. முன்பக்கம் ரெக்சின். பின்பக்கம், தகரக் கூரைக்கு அடியில் ஒட்டுவார்களே, வெள்ளி மாதிரிப் பளபளக்கிற ஃபோம் ஷீட், அது. பளபளப்பு சாமான் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். நடுவில் ஒரு முழ அகலத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் ஷீட் வைத்துத் தைத்தது, பின்கண்ணாடி தெரிவதற்காக. மேலே ஒரு அலுமினியக் குழாயில் கோத்து, கூரையின் கைப்பிடித் திருகுகளிலேயே மாட்டியிருக்கிறது. வண்டியில் புதிதாக ஓட்டை எதுவும் போடவில்லை. பக்கவாட்டில் வெல்க்ரோ. தேவையில்லாதபோது சுருட்டிக் கட்டிவிடலாம்.

தைப்பவரிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது மேல் ஓரத்தைப் பற்றித்தான். சூடான காற்று கூரையை ஒட்டித்தான் நிற்கும். அங்கே நான்கு விரல் இடைவெளி இருந்தால்கூட அது நேராக உங்கள் தலைக்கு மேல் வந்து சேரும். கூரை நேர்க்கோடாக இருப்பதில்லை, ஓரங்களில் வளைகிறது. அதனால் முதலில் அட்டையை வெட்டி வைத்துப் பார்த்து, அந்த வளைவை எடுத்துத்தான் துணியை வெட்ட வேண்டும். பனையோலைப் பாயைத் தொங்கவிட்டு ஓட்டுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். மலிவு, மணமும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே பொருந்தாது என்பதால் பாதிப் பலன்தான் கிடைக்கிறது. வெறும் பிளாஸ்டிக் ஷீட்டை மட்டும் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. காற்றை அது மறிக்கும், ஆனால் பின்னால் இருந்து வருகிற வெப்பத்தை அத்தனை மறிக்காது. வெயிலில் காய்ந்து மஞ்சளாகி விறைத்துப்போய் நாற்றமும் அடிக்கும்.

கீழ் ஓரம் கதை வேறு. அங்கே ஒரு சாண் விட்டிருக்கிறேன், வேண்டுமென்றேதான். வண்டிக்குள் வெளிக்காற்று வந்தால் பழைய காற்று எங்காவது வெளியேற வேண்டும். நிறைய வண்டிகளில் அதற்கான துவாரம் பின் ஓரத்தில், ரப்பர் நாக்கு வைத்து, பம்பர் மறைவில் இருக்கும். தடுப்பைக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால் வெளிக்காற்று ஒழுங்காக உள்ளே வராது. கதவைச் சாத்தும்போது காது அடைக்கும், ஓங்கி அடித்தால்தான் கதவு சாத்தும். அந்த அறிகுறி தெரிந்தால் கீழே இடைவெளி போதவில்லை என்று அர்த்தம்.

பலன் எவ்வளவு என்று கேட்பார்கள். வீட்டுச் சுவரில் மாட்டுகிற சாதாரணத் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்ததுதான் என் கணக்கு. மே மாத மத்தியானத்தில் அரை மணி ஓடிய பிறகும் 32க்குக் கீழே இறங்காத உட்புறம், தடுப்பு போட்ட பிறகு 27க்கு வருகிறது. திரைக்குப் பின்னால் அதே நேரத்தில் 43. கண்ணாடி பெரிதாக இருக்கிற வண்டி, வெள்ளை வண்டி, கறுப்பு வண்டி என்று பார்த்தால் இந்த எண் மாறும். ஆனால் ப்ளோயரை நாலிலிருந்து இரண்டுக்குக் குறைக்க முடிவது யாருக்கும் தெரியும். அதோடு பின்கதவிலிருந்து வருகிற கடகட சத்தமும் பாதியாகக் குறைந்தது. அது நான் எதிர்பார்க்காத லாபம்.

அந்த 43 டிகிரியைத்தான் மறக்கக் கூடாது. தடுப்பு போட்டால் முன்னால் குளிர்வதற்கு ஏற்றபடி பின்னால் கூடுதலாகக் கொதிக்கும். அங்கே எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று பழகிக்கொள்ள வேண்டும். கருப்பட்டி, கயிறு, தராசு, மண்வெட்டி, ஸ்டெப்னி டயர் எல்லாம் இருக்கட்டும். பதனீர் கேனை அங்கே வைத்தால் வீடு வருவதற்குள் புளித்துவிடும். பவர் பேங்க், சிகரெட் லைட்டர், வாசனை ஸ்ப்ரே மூன்றும் கட்டாயம் கூடாது. என் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை உண்டு (கருப்பட்டி வியாபாரி வீட்டில்தான், சிரிக்க வேண்டாம்). அவள் இன்சுலினை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால் அது சின்ன ஃப்ளாஸ்கில் அவள் காலடியில்தான் வரும்.

மனிதர்களை வைக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, வெட்கம்தான். இந்த வகை ஜீப்பில் பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்ச் இருக்கும். வேலைக்கு வருகிற பெண்களை அதில் ஏற்றிவிட்டு, நடுவில் திரையை இழுத்து மூடி, முன்னால் ஏசியில் போகிறவர்களைச் சாலையில் பார்த்திருக்கிறேன். பின்னால் ஆள் ஏறினால் திரையைச் சுருட்டிக் கட்டுங்கள். குளிர் குறைந்தால் எல்லோருக்கும் சேர்ந்து குறையட்டும். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நிறுத்திய வண்டிக்குள் சூடு ஏறுவதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது. திரைக்குப் பின்னால் விளையாட்டாக ஒளிந்துகொண்ட பிள்ளை முன்னால் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. வண்டியைப் பூட்டும் முன் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுப் பூட்டுவது எங்கள் வீட்டு வழக்கம்.

இன்னொரு விஷயம் மூச்சு. வண்டிக்குள் அம்பு சுற்றுகிற படம் போட்ட பட்டனை அழுத்தினால் உள்காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும், சீக்கிரம் குளிரும். தடுப்பு போட்ட பிறகு நாம் மூச்சு விடுகிற இடம் சுருங்கிவிடுகிறது. அதே காற்றை நாலு பேர் நெடுநேரம் இழுத்தால் கரியமில வாயு முன்பைவிட வேகமாகச் சேரும். கண் சொக்கும், கொட்டாவி வரும், வெயில் களைப்பு என்று நினைத்துக்கொள்வோம். கால் மணிக்கு ஒரு தரம் பட்டனை எடுத்துவிட்டு வெளிக்காற்றை விட வேண்டும். அதே போல, பின்னால்தானே சூடு என்று பின்பக்கச் சறுக்குக் கண்ணாடியைத் திறந்துவைத்து ஓட்டக் கூடாது. ஓடுகிற வண்டியின் முதுகில் காற்று சுழன்று சைலன்சர் புகையைத் திரும்ப உள்ளே இழுக்கும். நிறுத்தியிருக்கும்போது திறந்துவைப்பது நல்லது, ஓடும்போது மூடிவைக்க வேண்டும்.

திரை என்பது வெப்பத்துக்குத்தான், பாரத்துக்கு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அறுபதில் போகும்போது மாடு குறுக்கே வந்து பிரேக் அடித்தால் இருபது கிலோ ஓலைப்பெட்டி ரெக்சினைக் கிழித்துக்கொண்டு பிடரிக்கு வரும். ஆஸ்திரேலியாவில் நீளக் கூடு உள்ள ஜீப்களில் இருக்கைக்குப் பின்னால் இரும்பு வலைத் தடுப்பு மாட்டுவது வெகுகாலப் பழக்கம். அதற்கென்று தனித் தரநிர்ணயமே அங்கே இருக்கிறது. அந்த வலைமீதே கேன்வாஸ் திரையை மாட்டி ஏசி குளிரையும் காப்பாற்றிக்கொள்கிறார்கள். பாரம் ஏற்றுகிறவர்களுக்கு அதுதான் முழுமையான வழி. எங்கள் ஊர் வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயும் கம்பி வலையும் வைத்து ஒருவர் செய்துகொடுத்தார். அதை நாலு இடத்தில் சேஸிஸோடு சேர்ந்த போல்ட்டில் முடுக்கியிருக்கிறேன். இருந்தாலும் கனமான பெட்டிகளை அடியில், இருக்கை முதுகை ஒட்டி வைத்துக் கயிறு போட்டுக் கட்டுவதை நிறுத்தவில்லை. பட்டறையில் செய்ததைச் சோதித்துப் பார்த்துச் சான்று கொடுத்தவர் யாரும் இல்லையே.

சட்டம் பற்றியும் நண்பர்கள் கேட்கிறார்கள். 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதைத் தடுத்தது. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் 70 விழுக்காடு, பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடு வெளிச்சத்தை விட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. ஃபிலிமுக்குக் கட்டுப்பாடு இருப்பதால்தான் நமக்கு இந்தத் தடுப்பு இன்னும் முக்கியமாகிறது. இது கண்ணாடியில் ஒட்டுவது இல்லை, உள்ளே தொங்குவது. ஆனால் ஓட்டுநருக்குப் பின்பக்கமே தெரியாமல் மறைத்தால் அது விபத்துக்கு வழி, சோதனையில் நிறுத்தினால் பதில் சொல்லவும் முடியாது. அதனால்தான் நடுவில் தெளிவான ஷீட். அது மங்கியவுடன் மாற்றிவிட வேண்டும், கருமித்தனம் பார்க்கக் கூடாது.

கடைசியாக ஒரு கோரிக்கை. அதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட புதிய லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்ற விதி 2025இல் வந்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் கிராமத்துக்கும் காட்டுக்கும் போகிற கால்நடை மருத்துவர், நில அளவையாளர், வனக்காவலர் உட்காருவது லாரியில் இல்லை, இந்த மாதிரி ஜீப்பில்தான். பின்னால் ஃபைலும் கருவியும் மருந்துப் பெட்டியும் கிடக்க, ஏசி இருந்தும் வேர்த்து விறுவிறுத்து இறங்குகிற ஊழியர்களை எங்கள் ஊரில் எத்தனையோ பார்க்கிறேன். துறைகள் ஜீப் வாங்குகிறபோது கொள்முதல் விவரக்குறிப்பில், இரண்டாம் வரிசைக்குப் பின்னால் இரும்பு வலையும் சுருட்டக்கூடிய வெப்பத் திரையும் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வண்டி விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. என் திரைக்குத் துணி, ஃபோம், கூலி எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. வலைக்குத் தனியாகக் கொடுத்தேன். தயாரிப்பாளர்களும் இதை ஒரு துணைப் பொருளாகச் சோதித்து விற்றால், எங்களைப் போன்றவர்கள் வெல்டிங் பட்டறையை நம்ப வேண்டியிருக்காது. இதைப் படிக்கும் அதிகாரிகள் யாராவது நேரில் பார்க்க விரும்பினால், கற்குவேல் அய்யனார் கோயில் வழியில் தேரிக்குடியிருப்பு வாருங்கள். சீசன் முடிகிற வரை காலையிலிருந்து அந்தப் பக்கம்தான் இருப்பேன். மத்தியானம் வந்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
கருப்பட்டி வியாபாரி ஒருவர்,
பரமன்குறிச்சி, தூத்துக்குடி மாவட்டம்.